காலநிலை மாதிரிகளின் கட்டங்களுக்குள் அடங்காத அலைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், வளிமண்டலத்தின் போக்கைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் நிரல்களான காலநிலை மாதிரிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை விளக்கி வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எளிய நடையில், பெரும்பாலும் பிழையின்றி எழுதப்பட்ட கட்டுரை அது. ஆயினும் அதில் இரண்டு இடங்களைப் பற்றி எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை. ஒன்று சிறிய பிழை. மற்றொன்று பிழை அல்ல, விடுபாடு: மாதிரியால் நேரே கணக்கிட முடியாத காற்றலைகளின் விளைவு தோராயமாக நிரப்பப்படுகிறது என்பது அதில் இல்லை. ஆனால் மாதிரிகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஒரு வாசகர் எண்ணிப் பார்க்கும்போது அந்த விடுபாடு அவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்று அஞ்சுகிறேன். இத்தகைய மாதிரி ஒன்றின் நிரல்களோடு பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் சிறிய பிழை. கட்டுரையின் நடுவே வளிமண்டல ஈர்ப்பு அலைகள் என்ற தொடர் ஒருமுறை வருகிறது; அதன் பக்கத்திலேயே இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிவரும் படம் அச்சாகியிருக்கிறது. அந்தப் படம் குறிப்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் முன்னுரைத்த, 2015 செப்டம்பரில் லைகோ கருவிகள் முதன்முதலாகப் பதிவு செய்த காலவெளி அதிர்வை. காற்றில் எழும் அலைக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர் வழங்குவதால் நேர்ந்த குழப்பம் இது. படத்தைத் தேர்ந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். காற்றின் அலையை மிதப்பலை என்று அழைத்தால் இந்தக் குழப்பம் தீரும் என்பது என் யோசனை. அதை ஆட்டுவிப்பது மிதப்பு விசையே என்பதால் பெயர் பொருளோடும் பொருந்தும். இக்கடிதத்தில் அந்தப் பெயரையே கையாள்கிறேன்.

அடுக்கடுக்காக அமைந்த, நிலைத்தன்மை கொண்ட காற்றில் ஒரு சிறு காற்றுத் திரளை ஏதோ ஒன்று மேலே தள்ளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சென்ற திரள் விரிந்து குளிர்ந்து, தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் கனமாகிறது. ஆகவே கீழே இறங்குகிறது. இறங்கும் வேகத்தில் தன் பழைய இடத்தையும் தாண்டிப் போய்விடுகிறது. அங்கே அது சுற்றுப்புறத்தைவிட லேசானது என்பதால் மறுபடியும் மேலே வருகிறது. நாம் வாழும் கீழடுக்கில் இப்படி ஒருமுறை ஏறி இறங்குவதற்குக் குறைந்தது 10 நிமிடம் போலப் பிடிக்கும். அதற்கு மேலே ஸ்ட்ரேட்டோஸ்பியர் எனப்படும் மீள் அடுக்கில் சுமார் 5 நிமிடம். இந்த ஊசலாட்டம் அண்டையிலுள்ள காற்றுக்கும் தொற்றிப் பரவுவதே மிதப்பலை. மலைத்தொடரைக் கடக்கும் காற்று, இடிமேகத்துக்குள் பொங்கும் எழுச்சி, வெப்பக் காற்றும் குளிர்க் காற்றும் சந்திக்கும் முகப்பு, சமநிலை குலைந்து வளையும் ஜெட் காற்றோட்டம் ஆகிய அனைத்தும் இவ்வலைகளைப் பிறப்பிக்கின்றன. மலைகளுக்குப் பின்னால் உழுத சால்களைப் போல இணைகோடுகளாக நிற்கும் மேகங்களைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்தவர்கள் மிதப்பலைகளைப் பார்த்திருக்கிறார்கள். 2022 ஜனவரி 15 அன்று ஹூங்கா டோங்கா எரிமலை வெடித்தபோது, அதை மையமாகக் கொண்டு வட்ட வட்டமாகப் பரவிய அலைகளைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. அவற்றிலும் மிதப்பலைகள் இருந்தன.

பார்வைக்கு இவை சிறிய சலனங்கள். இவற்றின் முக்கியத்துவம் இவை மேலேறும்போது தெரியவருகிறது. உயரே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைகிறது, 50 கி.மீ. உயரத்தில் அது தரைமட்ட அடர்த்தியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே. அலை தன் ஆற்றலை இழக்காமல் ஏறுமானால், மெலிந்துகொண்டே போகும் காற்றில் அதன் வீச்சு பெருகியே ஆக வேண்டும். தரையருகே காற்றின் வேகத்தில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேறுபாடாக இருந்த சலனம், 50 கி.மீ. உயரத்தில் முப்பது மடங்கு பெருகியிருக்கும். ஒரு கட்டத்தில், கரையை நெருங்கும் கடலலை தலைகுப்புற விழுவதைப் போல இதுவும் உடைகிறது. உடையும்போது தான் சுமந்துவந்த உந்தத்தை அவ்விடத்துக் காற்றில் இறக்கிவைக்கிறது. மலை காற்றைத் தடுக்கும் விசை மலையடிவாரத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது அலையின் வழியே ஏறி, பல பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் காற்றோட்டத்தின் மீது பிரேக்கைப் போல விழுகிறது. எங்கோ பிறந்த அலை வேறெங்கோ காற்றை நிறுத்துகிறது, சில இடங்களில் காற்றை முடுக்கவும் செய்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி.

இதற்கு வானமே தரும் சான்று ஒன்றுண்டு. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை நினைக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பூமியின் வளிமண்டலத்தில் மிகக் குளிர்ந்த இடம் எது? கோடைகாலத் துருவத்துக்கு மேலே, 85 முதல் 90 கி.மீ. வரையிலான உயரம். இரவும் பகலும் சூரியன் மறையாத காலத்தில், அந்த இடத்தின் வெப்பநிலை மைனஸ் 140 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது. அதே சமயம் இருளில் கிடக்கும் குளிர்காலத் துருவத்தின் மேலே, அதே உயரத்தில், காற்று அதைவிடப் பல பத்து டிகிரி வெதுவெதுப்பாக இருக்கிறது. கதிர்வீச்சுக் கணக்கை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது. அங்கே வந்து உடையும் மிதப்பலைகள் காற்றோட்டத்தைத் தடுப்பதால், கோடைத் துருவத்திலிருந்து குளிர்காலத் துருவத்தை நோக்கிக் காற்று நகரத் தொடங்குகிறது. விட்டுப்போன இடத்தை நிரப்பக் கோடைத் துருவத்தின் மேலே காற்று எழுந்து, விரிந்து, குளிர்கிறது. மறுமுனையில் காற்று இறங்கி, அமுங்கி, சூடாகிறது. அந்த உயரத்தில் விண்கற்களின் புகைத்தடங்கள் கோணல்மாணலாக நெளிவதற்கு இவ்வலைகளே காரணம் என்று காலின் ஹைன்ஸ் 1960-இல் காட்டினார். உடையும் அலையின் இழுவையை ஒரு வாய்பாடாக எழுதும் வழியை ரிச்சர்ட் லிண்ட்சன் 1981-இல் தந்தார். அந்த வாய்பாடும் அதன் வாரிசுகளும் இல்லாத மாதிரியில் இந்த உயரத்துக் காற்று நிஜத்தில் இல்லாத வேகத்தில் ஓடும். கோடைத் துருவத்தின் குளிரும் கிடைக்காது.

இனி நான் விடுபாடு என்று சொன்னதற்கு வருகிறேன். மாதிரிகள் இயற்பியல் விதிகளைக் கொண்டே அனைத்தையும் கணக்கிடுகின்றன என்ற பொருள்பட உங்கள் கட்டுரை முடிந்தது. விதிகள் உண்மைதான். ஆனால் அவ்விதிகளைக் கணினி தீர்ப்பதற்காக வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறோம். நூறாண்டுக் கணக்குகளை ஓட்டும் மாதிரிகளில் ஒரு கட்டத்தின் அகலம் 100 கி.மீ. அளவில் இருப்பது வழக்கம். மிதப்பலையின் நீளமோ சில கிலோமீட்டரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வரை இருக்கலாம். ஓர் அலையைச் சரியாக உருவாக்கிக் காட்ட அதன் நீளத்துக்குள் பல கட்டங்கள் அடங்க வேண்டும். ஆகவே மிக நீண்டவற்றைத் தவிர மற்றவை மாதிரியின் கண்ணில் படுவதேயில்லை. மீன் வலையின் கண்ணி வழியே நெத்திலி நழுவிப்போவதைப் போல அவை நழுவிப்போகின்றன. நழுவியவற்றின் விளைவை மட்டும் தனியே ஒரு தோராய வாய்பாட்டைக் கொண்டு மதிப்பிட்டுக் கணக்கில் சேர்க்கிறோம். துறையினர் இதைப் பாராமீட்டரைசேஷன் என்பார்கள். அளபுருவாக்கம் என்று தமிழில் எழுதுவதுண்டு.

எண்வழி வானிலைக் கணிப்பில் மலையின் இவ்விளைவைச் சேர்க்க வேண்டும் என்ற சிந்தனையை ஜே. எஸ். சாயர் 1959-லேயே முன்வைத்திருந்தார். ஆனால் அதற்கான கட்டாயம் 1980-களில்தான் வந்தது. அது வந்த விதம் இன்றைக்கும் பாடமாக இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கட்டங்கள் மிகப் பெரிதாக இருந்த பழைய மாதிரிகளில் வட அரைக்கோளத்தின் குளிர்கால மேலைக்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, ஓரளவு சரியாகவே இருந்தது. கணினிகள் வளர்ந்து கட்டங்களைச் சிறிதாக்கியதும் நிலைமை மேம்படும் என்று எதிர்பார்த்தார்கள். மாறாக மேலைக்காற்று அளவுக்கு மீறி வலுத்தது. காரணத்தை ஆராய்ந்தபோது புலப்பட்டது இதுதான்: பழைய மாதிரிகளில் புயல் சுழல்கள் காற்றுக்குக் கொடுக்கும் உந்தம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது, மலைகளின் அலை இழுவையோ கணக்கிலேயே இல்லை, இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் விடை சரிபோலத் தோன்றியது. ஒரு குறையைத் திருத்தியதும் மற்றது வெளியே தெரிந்தது. பிரிட்டனில் பாமர், ஷட்ஸ், ஸ்வின்பாங்க் ஆகியோர் 1986-லும், கனடாவில் மக்ஃபார்லேன் 1987-லும் மலை அலைகளின் இழுவையை மாதிரிகளில் சேர்த்தார்கள். மிகைப்பட்ட காற்று அடங்கியது. சரியான விடை என்பது சரியான காரணத்துக்குச் சான்றாகாது என்பதை இத்துறை அன்று கற்றுக்கொண்டது. அதை எப்போதும் நினைவில் வைத்திருக்கிறோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஏனெனில் இந்த வாய்பாடுகள் பல எளிமைப்படுத்தல்களின் மேல் நிற்கின்றன. அலை பிறந்த கட்டத்தை விட்டு அசையாமல் செங்குத்தாக மேலே ஏறுகிறது என்று பெரும்பாலானவை கொள்கின்றன. நிஜ அலைகள் சாய்வாகப் பல நூறு கிலோமீட்டர் விலகிச் செல்கின்றன. பிறந்த கணத்திலேயே அது உச்சியை எட்டிவிடுவதாகவும் கொள்கின்றன. நிஜத்தில் அதற்கு மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் ஆகும். மலைகளால் பிறக்கும் அலைகளுக்காவது மலையின் உயரமும் காற்றின் வேகமும் தெரியும். இடிமேகங்களாலும் முகப்புகளாலும் பிறக்கும் அலைகளுக்கு, ஓய்வின்றி ஒரே சீராக இத்தனை வலிமையில் அலைகள் கிளம்புகின்றன என்று ஒரு மாறா எண்ணையே பல மாதிரிகள் இட்டு நிரப்புகின்றன. மீள் அடுக்கில் மாதக்கணக்கில் மிதந்து அளந்த பலூன்கள் காட்டும் வானம் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலான நேரம் சலனம் மெலிதாகவே இருக்கிறது. எப்போதாவது எழும் சில வலிய அலைத்தொகுதிகளே மொத்த உந்தத்தின் பெரும்பங்கைச் சுமக்கின்றன. நாளெல்லாம் தூறுவதும் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்ப்பதும் மழைமானியில் ஒரே அளவைக் காட்டலாம், மண்ணுக்கு அவை ஒன்றல்ல. அதைப் போலவே, வலிய அலை தாழ்ந்த உயரத்திலேயே உடையும், மெலிந்தது மிக உயரே சென்றுதான் உடையும். சராசரி எண் ஒன்றை வைத்தால் இழுவை விழும் உயரமே மாறிப்போகும்.

மாறா எண் என்றேன். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று வாசகர் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது அளக்கப்பட்ட எண் அல்ல. சுருதி சேர்ப்பதைப் போல, மாதிரியின் விடை இன்றைய வானத்தோடு இணங்கும் வரை திருகித் திருகி நிறுத்தப்பட்ட எண். நில நடுக்கோட்டுக்கு மேலே வீசும் காற்றை உதாரணமாகச் சொல்கிறேன். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தமான கதையும் அதுவே. 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது, மீள் அடுக்கை எட்டிய தூசி மேற்கு நோக்கி நகர்ந்து சுமார் இரண்டு வாரங்களில் உலகைச் சுற்றியது. ஆகவே அங்கே கிழக்கிலிருந்து வரும் கீழைக்காற்று வீசுகிறது என்று எழுதிவைத்தார்கள். 1908-இல் பெர்சன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் பலூன்களை விட்டுப் பார்த்தபோது அங்கே மேலைக்காற்று வீசியது. இருவர் சொன்னதும் மெய் என்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1960-ஐ ஒட்டி, அமெரிக்காவின் ரீடும் பிரிட்டனின் எப்டனும் தனித்தனியே பலூன் பதிவுகளை ஆராய்ந்தபோது விளங்கியது: அங்கே கீழைக்காற்றும் மேலைக்காற்றும் சராசரியாக 28 மாதங்களுக்கு ஒரு சுற்று என மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு காற்றும் உயரே தோன்றி, மாதத்துக்கு ஒரு கிலோமீட்டர் போலக் கீழே இறங்கி மறைகிறது. பருவங்களோடு ஒட்டாத இந்தத் தாளத்தை எது இயக்குகிறது என்ற கேள்விக்கு, கீழிருந்து ஏறிவரும் அலைகளே என்று 1968-இல் லிண்ட்சனும் ஹோல்டனும் விடை சொன்னார்கள். 1978-இல் பிளம்பும் மெக்ஈவனும் வளையத் தொட்டி ஒன்றில் உப்புநீரை அடுக்குகளாக நிரப்பி, அடியிலிருந்த சவ்வை மேலும் கீழும் அசைத்து, திசை மாறி மாறி ஓடும் நீரோட்டத்தையே உருவாக்கிக் காட்டினார்கள்.

ஈராண்டு அலைவு எனப்படும் இந்தத் தாளத்தை இயக்கும் உந்தத்தில் ஒரு பகுதியை மாதிரிக்குத் தெரியும் பேரலைகள் தருகின்றன. கணிசமான மீதியைக் கட்டத்துக்குள் அடங்காத மிதப்பலைகள் தருகின்றன. நானும் என் சக ஊழியர்களும் எங்கள் மாதிரியில் அந்த எண்ணைச் சிறிது கூட்டியும் சிறிது குறைத்தும் பல மாதங்கள் செலவிட்டோம். எண்ணைக் கூட்டினால் காற்று விரைவாகத் திசை மாறும். குறைத்தால் சுற்று நீளும். மேலும் குறைத்தால் அலைவே நின்றுவிடும். கடைசியில் 28 மாதங்கள் வந்த அன்று நாங்கள் மகிழ்ந்தோம், அந்த மகிழ்ச்சியில் பொய் ஏதும் இல்லை. ஆனால் நாங்கள் கண்டுபிடித்தது அலைகளின் வலிமையை அல்ல, எங்கள் மாதிரியின் மற்றப் பிழைகளோடு சேர்ந்து 28-ஐக் கொடுக்கும் ஓர் எண்ணை மட்டுமே என்பது பிறகுதான் உறைத்தது. வெவ்வேறு நாடுகளின் மாதிரிகளில், இன்றைய காலநிலைக்கு இப்படிச் சுருதி சேர்த்த பிறகு, கரியமில வாயுவை இரு மடங்காகவும் நான்கு மடங்காகவும் உயர்த்தி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அலைவின் வீச்சு குறையும் என்பதில் அவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. சுற்றின் காலத்தைக் கேட்டால் சிலவற்றில் குறைகிறது, சிலவற்றில் நீள்கிறது, மிகுந்த வெப்பத்தில் சிலவற்றில் ஒழுங்கான அலைவே காணாமல் போகிறது. இன்றைய விடையில் ஒன்றுபட்டவை நாளைய விடையில் பிரிந்து நிற்கின்றன. 2016 பிப்ரவரியில் இந்த அலைவு, 1953 முதலான பதிவுகளில் அதுவரை காணாத வகையில், நடுவே முறிந்ததையும், 2019-20-இல் மீண்டும் ஒருமுறை முறிந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்; வானம் நாம் வைத்த தாளத்துக்குக் கட்டுப்பட்டதல்ல.

தெற்கே உள்ள குறை வேறு வகையானது. குளிர்காலத்தில் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்து சுழலும் காற்றோட்டமான துருவச் சுழல் வசந்தத்தில் கலைய வேண்டும். பல மாதிரிகளில் அது மிகக் குளிர்ந்தும், நிஜத்தைவிடச் சில வாரங்கள் தாமதமாகக் கலைந்தும் வருகிறது. தெற்கே 60 பாகை அகலாங்கை ஒட்டிப் பெரும்பாலும் கடல்தான். மலை இல்லாத கட்டத்தில் வாய்பாடு மலை அலைகளைப் பிறப்பிக்காது. ஆனால் அந்த வானத்தில் வலிய அலைகள் உண்டு என்று செயற்கைக்கோள்கள் காட்டுகின்றன. அவற்றில் ஒரு பங்கு ஆண்டிஸ் மலையின் தென்முனையிலும் அண்டார்க்டிகத் தீபகற்பத்திலும் பிறந்து சாய்வாக அங்கே வந்து சேர்பவை. இன்னொரு பங்கு தெற்கு ஜார்ஜியா, கெர்கலன் போன்ற தீவுகளின் சிகரங்களிலிருந்து எழுபவை. 100 கி.மீ. கட்டத்தில் அத்தகைய தீவின் மலை சராசரியில் கரைந்து ஒரு மேடாகிவிடுகிறது. ஓசோனை அழிக்கும் வேதிவினைகள் கடுங்குளிரில் உருவாகும் மேகத்துகள்களின் மேல் நடப்பதால், மாதிரியின் இந்தக் கூடுதல் குளிர் ஓசோன் துளை எப்போது மூடும் என்ற கணிப்பையும் தொடுகிறது. ஆண்டிஸ் அலைகளின் வலிமைக்கு ஒரு சான்று: 2018 செப்டம்பர் 2 அன்று பெர்லன் என்னும் எஞ்சின் இல்லாத மிதவை விமானம் அவற்றின் மேல் ஏறியே 23 கி.மீ. உயரத்தைத் தாண்டியது. இரண்டு மனிதர்களைச் சுமந்துகொண்டு மீள் அடுக்குக்குள் போன அந்த அலைகளை, பருமனான கட்டங்களைக் கொண்ட மாதிரி தன் கண்ணால் பார்ப்பதே இல்லை.

இவ்வளவும் எழுதுவதால், பூமி சூடாகிறது என்ற முடிவையே நான் ஐயுறுவதாக யாரும் கொள்ளக் கூடாது. பசுங்குடில் வாயுக்கள் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது மிதப்பலைகளைச் சார்ந்ததல்ல. இந்த எண்ணை எவ்வளவு திருகினாலும் உலகச் சராசரி வெப்பம் உயர்வது நிற்காது. ஆனால் எந்தப் பகுதியில் புயற்பாதை எப்பக்கம் நகரும், குளிர்காலத் துருவச் சுழல் எத்தனை முறை குலையும், மேலே ஓசோன் எவ்வாறு பரவும் என்ற கேள்விகளுக்கு விடை இந்த இழுவையைத் தொட்டே வருகிறது. சூரிய ஒளியைத் திருப்பியனுப்பக் கந்தகத் துகள்களை மீள் அடுக்கில் தூவலாம் என்ற யோசனை இப்போது பேசப்படுவதை வாசகர்கள் அறிவார்கள். நில நடுக்கோட்டுக்கு மேலே தூவுவதாகக் கொண்டு ஓட்டிய சில மாதிரிகளில், முன்பு சொன்ன ஈராண்டு அலைவு மிகவும் மெதுவாகிறது அல்லது நின்றே போகிறது. அந்த விடை நிஜமா, அல்லது திருகி வைத்த எண்ணின் விளைவா என்பதை உறுதியாகப் பிரித்தறியாத நிலையில் வானத்தில் கைவைக்கலாம் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டங்களைச் சிறிதாக்கினால் தீராதா என்று கேட்பார்கள். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கணக்கு எட்டு மடங்காகும், 100 கி.மீ. கட்டத்தை ஒரு கிலோமீட்டராக்கினால் பத்து லட்சம் மடங்கு. 2016 ஆகஸ்டு மாதத்தில் தொடங்கும் 40 நாள்களை, 5 கி.மீ.க்கும் குறைந்த கட்டங்களில் ஓட்டிப் பார்க்கும் டயமண்ட் என்ற பன்னாட்டு முயற்சி நடந்திருக்கிறது. அலைகள் அவற்றில் கண்ணுக்குத் தெரியும்படி எழுகின்றன. அழகான காட்சி அது. ஆயினும் 40 நாள் என்பது நூறாண்டு அல்ல. அம்மாதிரிகளுக்கு இடையிலும் அலைகளின் வலிமை ஒன்றுபோல் இல்லை. அண்மைக் காலத்தில் இயந்திரக் கற்றலைக் கொண்டு இவ்வாய்பாடுகளை மாற்றியமைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் இயந்திரம் எதைப் பார்த்துக் கற்கிறதோ அதன் குறையையும் சேர்த்தே கற்கும். பழைய வாய்பாட்டைப் பார்த்துக் கற்றால் பழைய வாய்பாடே வேகமாக வரும். நுண்கட்ட மாதிரியைப் பார்த்துக் கற்றால் அம்மாதிரியின் பிழை வரும்.

ஆகவே நான் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் இடம் அளவீடு. எண்ணை விடைக்கேற்பத் திருகுவதை விட்டு, அலையையே அளந்து எண்ணைக் கட்டுப்படுத்த வேண்டும். அதற்கான கருவிகள் நம்மிடம் இல்லாமலில்லை. பெருவில் ஜிகாமார்கா, ஜப்பானில் ஷிகராகி, இந்தியாவில் கடங்கி ஆகிய இடங்களில் உள்ள பெரிய ரேடார்கள் தலைக்கு மேலுள்ள காற்றின் ஏற்ற இறக்கத்தை நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்ய வல்லவை. ஆனால் அவை நிற்கும் இடத்தை மட்டுமே பார்க்கும். ஸ்ட்ராட்டியோல் திட்டத்தில் சீஷெல்ஸ் தீவுகளிலிருந்து விடப்பட்ட பலூன்கள் 20 கி.மீ. உயரத்தை ஒட்டி மாதக்கணக்கில் மிதந்து, தாம் சென்ற பாதையில் அலைகளின் உந்தத்தை நேரடியாக அளந்தன. ஆனால் அத்தகைய பயணங்கள் சில பத்துகளே. செயற்கைக்கோள்கள் உலகம் முழுவதையும் பார்க்கும். ஆனால் ஒவ்வொரு கருவியும் சில அலைநீளங்களை மட்டுமே காணும், மற்றவற்றுக்கு அது குருடு. கீழ்நோக்கிப் பார்ப்பது செங்குத்தில் நீண்ட அலைகளைப் பிடிக்கும், அடிவானத்தைச் சாய்வாகப் பார்ப்பது செங்குத்தில் குறுகிய அலைகளையும் பிடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழு உருவம் கிடைக்கும்.

இங்கேதான் என் கவலை இருக்கிறது. இவ்வலைகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதியைத் தந்த டைம்ட், அக்வா, ஆரா ஆகிய செயற்கைக்கோள்கள் முறையே 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் ஏவப்பட்டவை. தமக்கென வகுத்த ஆயுளைப் பல மடங்கு தாண்டி உழைத்தவை. ஆராவில் இருந்த ஹர்ட்ல்ஸ் என்ற கருவி 2008-லேயே ஓய்ந்துவிட்டது. 2018-இல் ஏவப்பட்டு, மேலிருந்து லேசர் ஒளியால் காற்றை அளந்த ஏயோலஸ் 2023-இல் தன் பணியை முடித்துக்கொண்டது. அதே 2023 நவம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட மிதப்பலைக் கருவி நல்ல செய்தி. ஆனால் அது 87 கி.மீ. அளவிலான உயரத்தை மட்டும் பார்ப்பது. மீள் அடுக்கில் அலைகள் உடையும் அந்த நடு உயரங்களை, அடிவானப் பார்வையில், தொடர்ச்சியாக, இருபது முப்பது ஆண்டுகளுக்கு அளக்கும் ஏற்பாடு வேண்டும். காலநிலை என்பதே நீண்ட காலத்துச் சராசரி. அதன் அலைகளையும் நீண்ட காலம் அளந்தால்தான் வெப்பம் ஏறும்போது அவை எப்படி மாறுகின்றன என்பது தெரியும். புதிய கணினிக்கு நிதி ஒதுக்கும்போது எழும் ஆர்வம், பழைய கருவிக்கு மாற்று அனுப்பும்போது எழுவதில்லை. இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்பதை உங்கள் நாளிதழ் போன்றவை எடுத்துச் சொன்னால், முடிவெடுப்பவர்கள் காதில் அது விழ வாய்ப்புண்டு.

தங்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவே. கருந்துளைப் படத்துக்குப் பதிலாக, மலைத் தீவுக்குப் பின்னால் வரிவரியாக நிற்கும் மேகங்களின் செயற்கைக்கோள் படத்தை இட்டு ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுங்கள். அடுத்தமுறை மாதிரிகளைப் பற்றி எழுதும்போது, அவற்றில் விதிகளிலிருந்து நேரே கணக்கிடப்படும் பகுதி எது, தோராய வாய்பாட்டால் நிரப்பப்படும் பகுதி எது, அவ்வாய்பாட்டின் எண்களில் அளக்கப்பட்டவை எவை, திருகி நிறுத்தப்பட்டவை எவை என்று கட்டுரையாளர் மாதிரியை உருவாக்கியவர்களிடமே கேட்டு எழுதட்டும். அவர்கள் மறைக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர் அரிது என்பதுதான் அவர்களுடைய குறை. இதற்கு உதவியாக எளிய படங்களோ விளக்கக் குறிப்புகளோ தேவைப்பட்டால் வரைந்தும் எழுதியும் தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
காலநிலை மாதிரிகளோடு பணியாற்றிய ஒரு வாசகர்